உள்ளங்கையில் அளந்த கொழுப்பு

பழிவாங்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தபோது என் மூக்கில் குழாய் இருந்தது. மெல்லிய குழாய்தான். மூக்கில் நுழைந்து, தொண்டையைத் தாண்டி, இரைப்பையையும் தாண்டி, சிறுகுடலில் போய் நின்றது. அதன் வழியாகப் பால் கூடிப்போன சாயா நிறத்தில் ஓர் உணவு சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனை. கட்டிலுக்குப் பக்கத்தில் டயட்டீசியன் சுபா மேடம் இஞ்சு டேப்பை என் மேற்கையில் சுற்றி அளந்துகொண்டிருந்தார்.

எனக்குக் கருவி என்றால் பைத்தியம். கருவியியலில் பொறியியல் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள். சாகக் கிடந்தாலும் அளவு கேட்காமல் இருக்க முடியாது. கமறிய தொண்டையோடு கேட்டேன்.

"மேடம், ரெண்டு கையாலயும் பிடிச்சா கொழுப்பு எவ்வளவுன்னு சொல்லுக மெஷின் உங்ககிட்ட இல்லியா?"

"இருக்கு மக்கா. ஆனா இப்ப உனக்கு அத வச்சா பொய் சொல்லும். உடம்பு முழுக்க நீர் ஏறிக் கெடக்கு. நல்லா இருக்கிற ஆளுக்கே அதுக்கு ஏகப்பட்ட நிபந்தனை உண்டு. அளக்கதுக்கு முன்னாடி ஆடி ஓடக் கூடாது, கை வேர்த்திருக்கக் கூடாது, ரொம்பக் குளிர்ந்தும் இருக்கக் கூடாது."

"இருந்தா?"

"ஏசியில உக்காந்து கை சில்லுன்னு ஆனா கொழுப்பைக் கூட்டிக் காட்டும். ஆடிட்டு வந்து சூட்டோட பிடிச்சா குறைச்சுக் காட்டும்."

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வடசேரியில் நான் எடை குறைக்கப் போன அந்த மாடி அறை கண்ணுக்குள் வந்தது. புதிதாகச் சேர வருபவர்களை முதலில் ஏசிக்குக் கீழே நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மெலிந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கதை சொல்லி முடிக்க வெகுநேரம் ஆகும். கை விறைத்துப்போன பிறகு மெஷினைக் கொடுப்பார்கள். ஆனால் பழைய ஆட்களுக்கு மாதக் கடைசி அளவு எப்போது? ஆட்டம் முடிந்தவுடன். வேர்வை காயும் முன்பாக.

அந்த நிமிடத்தில் வலி எங்கேயோ போய்விட்டது. ஷைலா அக்காவை நான் விடப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஷைலா அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கம். எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். நல்ல குரல், நல்ல சேலை, நல்ல ஜெபம். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு மாடியில் எடை குறைக்கும் கிளப் நடத்துகிறார். காலையில் பாட்டுப் போட்டு ஆட்டம், அதன்பின் டப்பாவில் வரும் பொடியைக் கலக்கிய ஷேக். இரவிலும் அதே ஷேக். நடுவில் ஒரு நேரம் மட்டும் சோறு, அதுவும் கொஞ்சம். எண்ணெய், தேங்காய், மீன் குழம்பு எதுவும் ஆகாது.

இதை ஏன் ஊரே நம்பியது என்றால், அவர் அதைச் சாட்சியாக நடத்தினார். எங்கள் சபைகளில் ஒருவர் எழுந்து "கர்த்தர் எனக்குச் செய்த நன்மை" என்று சாட்சி சொன்னால் யாரும் இடைமறித்துக் கேள்வி கேட்பதில்லை. எந்த மாதம், எந்த டாக்டர், மருந்தும் சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்பது மரியாதை இல்லை. கேட்டு முடித்து ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். ஷைலா அக்காவின் கிளப்பிலும் அப்படியே. எழுந்து நின்று இத்தனை கிலோ குறைந்தேன் என்பார்கள். கைதட்டுவோம். குறைந்தது எது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொழுப்பா, தசையா, நீரா? கருவி படித்த நானும் வாயைத் திறக்கவில்லை.

முதல் நாள் என் கையில் மெஷினைக் கொடுத்தபோது அது கொழுப்பு முப்பத்து நாலு சதவீதம் என்றது. உடல் வயது நாற்பத்தொன்று என்றது. எனக்கு வயது இருபத்து மூன்று. அந்த நாற்பத்தொன்றை அடித்து வீழ்த்தவேண்டும் என்று வெறி வந்தது. சொன்னதிலும் பாதிதான் சாப்பிட்டேன். எடை மளமளவென்று இறங்கியது. பஸ்ஸில் தெரிந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு சபை அசனம் வந்தது. ஊர் முழுக்கச் சேர்ந்து ஆக்கி, வரிசையாக உட்கார்ந்து உண்ணும் விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பின் வாசத்துக்கு முன் என் கொள்கை நிற்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே மேல் வயிற்றில் யாரோ கம்பியைக் காய்ச்சி வைத்தது போல் ஒரு வலி. அது முதுகுக்குப் போய் அங்கேயே நின்றது. வாந்தி நிற்கவில்லை. அண்ணன் மனைவி லிஜி மைனிதான் ஆட்டோ பிடித்து என்னை மடியில் சாய்த்துக்கொண்டு வந்தாள். அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். வீட்டில் அம்மா, மைனி, அவளுடைய கைக்குழந்தை, நான். வரும் வழியெல்லாம் மைனி, "பைய மூச்சு விடு ஏட்டி, பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கே மூச்சு வாங்கியது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இரத்தத்தில் லிப்பேஸ் என்று ஒன்றைப் பார்த்தார்கள். கொழுப்பைச் செரிக்கக் கணையம் சுரக்கும் நொதி அது. கணையம் புண்பட்டால் இரத்தத்துக்குள் கசிந்து எக்கச்சக்கமாக ஏறிவிடும். எனக்கு ஏறியிருந்தது. ஸ்கேனில் பித்தப்பை நிறையச் சின்னச் சின்னக் கற்கள். அதில் ஒன்று நழுவி, பித்தமும் கணையச் சாறும் குடலுக்குள் இறங்கும் பொது வாசலில் போய் அடைத்துக்கொண்டது. வெளியேற வழியில்லாத சாறு கணையத்தையே செரிக்கத் தொடங்கிவிட்டது. இதற்குக் கணைய அழற்சி என்று பெயர்.

"இந்த வயசுல எப்படி டாக்டர் கல்லு?" என்று அம்மா கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "சமீபத்துல ரொம்ப வேகமா எடை குறைச்சியாம்மா?"

தலையாட்டினேன். பட்டினி கிடந்து படபடவென்று இளைத்தால் ஈரல் பித்தத்துக்குள் அதிகக் கொழுப்பைத் தள்ளும் என்றார். சாப்பாட்டில் எண்ணெயே இல்லாவிட்டால் பித்தப்பை சுருங்கி விரிய வேலை இருக்காது. தேங்கிய பித்தம் கெட்டியாகிக் கல்லாகும். "காரணம் அதுதான்னு சத்தியம் பண்ணமுடியாது. ஆனா நிறைய பார்க்கிறோம்" என்றும் சொன்னார். அதில் முதல் வாக்கியம் பின்னால் எனக்கு எதிராகத் திரும்பும் என்று அன்று தெரியாது.

வாய்வழியே கேமராக் குழாயை இறக்கி, பித்தக்குழாயின் வாயைக் கொஞ்சம் கீறி, கல்லை வெளியே எடுத்தார்கள். வாயால் சாப்பிட்டால் வாந்தி நிற்காததால் மூக்குக் குழாய் வந்தது. காத்திருக்கும் அறைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா இடத்திலும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே டிவி, சத்தம் இல்லாமல் ஓடும் ஒரே சீரியல். ஸ்கேன் அறைக்கு வெளியே அம்மா எதிரே இருந்த அத்தனை பேருடைய நோயையும் விசாரித்து, எல்லோருக்காகவும் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். பில்லைப் பற்றி என்னிடம் யாரும் பேசவில்லை. அண்ணனின் லீவு தள்ளிப்போயிற்று என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. ஷைலா அக்காவின் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

சுபா மேடம் நெல் விவசாயம் செய்யும் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். மீன் வாசம் பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் நோயாளிகளுக்கு எந்த மீனில் எவ்வளவு புரதம் என்பது அவருக்கு அத்துப்படி. தினமும் வரும்போது நான் ஏதாவது கேட்டு நிறுத்திவைப்பேன். கோபத்தில் படிக்கும் பாடம் மறப்பதே இல்லை.

"எனக்கு எவ்வளவு கலோரி வேணும்னு எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல்ல. ஊகிச்சேன்" என்றார் கூச்சமில்லாமல். "நீ இப்படியே அசையாமப் படுத்திருந்தாலும் இதயம் அடிக்கணும், மூளை வேலை செய்யணும், ஈரல் ஓடணும். ஒரு நாள் செலவுல பெரும்பங்கு அதுக்கே போயிரும். எடை, உயரம், வயசு, ஆணா பெண்ணா, இத வச்சு அதுக்கு ஒரு சூத்திரம் உண்டு. அதுக்கு மேல காய்ச்சலுக்குக் கொஞ்சம், நோவுக்குக் கொஞ்சம், எழும்பி நடக்கதுக்குக் கொஞ்சம்."

"சூத்திரம் சரியா வருமா?"

"பத்துப் பேருக்கு ஒரே சூத்திரம் போட்டா பத்துப் பேருக்கும் சரியாவா வரும்? அது தொடக்கம்தான். அப்புறம் தினமும் ஆளப் பாக்கணும், திருத்தணும். உள்ளபடியே அளக்கணும்னா மூச்சை அளக்கணும். தலைக்கு மேல கண்ணாடிக் கூடை மாதிரி ஒண்ணு கவுத்து, எவ்வளவு ஆக்சிஜன் உள்ள போச்சு, எவ்வளவு கரியமில வாயு வெளிய வந்துதுன்னு பாப்பாங்க. அத வச்சு உடம்பு எவ்வளவு எரிக்குன்னு தெரியும். படிக்கும்போது சென்னையில பாத்திருக்கேன். இங்க இல்ல."

நான் படுக்கையில் எழுந்து உட்காரப் பார்த்தேன். ஒரு வாயு உணரி, ஒரு காற்றோட்டமானி. கல்லூரி ஆய்வகத்தில் இரண்டையும் தொட்டிருக்கிறேன். உடம்பு எரிப்பதை மூச்சில் பிடித்துவிடலாம் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அதைவிடப் பெரிய அதிசயம் வேறு ஒன்று. ஷைலா அக்கா எனக்குக் கொடுத்த ஒரு நாள் உணவைச் சுபா மேடத்திடம் சொன்னேன். மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இது நீ அசையாமப் படுத்துக் கெடக்கதுக்கே காணாதே. இதுல டான்ஸ் வேறயா?"

மிச்சத்தை எங்கிருந்து எடுத்தது என் உடம்பு? கொழுப்பிலிருந்து கொஞ்சம், தசையிலிருந்தும் எடுத்தது. சுபா மேடம் என் மேற்கையின் பின்பக்கத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஓர் இடுக்கியால் கனத்தை அளந்தார். பிறகு டேப் அளவிலிருந்து அதைக் கழித்து, உள்ளே எவ்வளவு தசை என்று கணக்குப் போட்டார். வந்த எண்ணை எழுதிவிட்டு, என் உணவில் புரதத்தைக் கூட்டி எழுதினார்.

ஒரு காலையில் எடை பார்த்தபோது ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளைவிடக் கூடியிருந்தது. மைனிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, உடம்பு தேறிட்டுல்லா" என்று அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். சுபா மேடம் என் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். ரொட்டி மாவில் பதித்தது போலக் குழி அப்படியே நின்றது. ஏறியது சதை அல்ல, சலைன். அதனால்தான் அவர் எடை மெஷினைப் பார்த்து உணவு எழுதாமல், நோய்க்கு முன்னால் என் எடை என்ன என்று கேட்டு எழுதியிருந்தார். மெஷின் சொல்லும் எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஒருவரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஷைலா அக்காவும் வந்தார். சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு ஜெபிக்க வந்தார். கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள், அதுதான் எரிச்சல். முடிந்ததும் என் கன்னத்தைத் தொட்டார்.

"முகம் நல்லா வடிவாயிட்டு பெனி. இனி இந்த வெயிட்ட விடாத, கேட்டியா."

பைக்குள்ளிருந்து பொடி டப்பா ஒன்றை எடுத்து ஸ்டூலில் வைத்தார். "டிஸ்சார்ஜ் ஆனதும் குடி. தெம்புக்கு."

"அக்கா, அந்த மெஷினும் கொண்டு வந்தியளா?"

"எப்பவும் ஹேண்ட்பேக்லதாம்மா இருக்கும். இப்பதான் வெளிய ரெண்டு நர்ஸுக்குப் பாத்தேன். பாவம், ரெண்டு பேருக்கும் முப்பதுக்கு மேல."

"ஏசி வார்டுலயா பாத்திய?"

"ஆமா. என்ன?"

"ஒண்ணுமில்ல அக்கா. சும்மா கேட்டேன்."

அவர்கள் போன பிறகு மைனி அந்த டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். பைக்குள் இன்னொரு டப்பா ஏற்கனவே இருந்தது. பாதி காலியாக.

"மைனி."

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள்.

"மைனி, நீயும் குடிக்கியா?"

"ரெண்டு வாரமாத்தான். ஷைலாக்கா பாத்தப்ப முப்பத்தேழு காட்டிச்சு பெனி. ஒனக்க அண்ணன் கல்யாணத்தப்ப பாத்த ஆளு நான் இல்ல. அவன் வரதுக்குள்ள கொஞ்சம் குறைக்கணும். லீவு தள்ளிப் போனதும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு."

அவள் பிள்ளைக்குப் பால் கொடுப்பவள். காலையில் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, எனக்குத் தலை வாரி, துணி மாற்றி, முதுகு துடைத்து, மத்தியானம் பஸ் பிடித்து ஓடிப் பால் கொடுத்துவிட்டு மறுபடி வருகிறவள். சுபா மேடம் எனக்குச் சொன்ன கணக்கில், பால் சுரப்பதற்கென்றே உடம்பு தினமும் கூடுதலாகக் கேட்கும். இவள் கூட்ட வேண்டிய இடத்தில் குறைத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏறினால் அவள் சுவரைப் பிடித்து நிற்பது ஏன் என்று அப்போது புரிந்தது.

அதுவரை என் பழி எனக்கானது. அன்றிலிருந்து அது மைனிக்கானது. அவள் அந்தப் பொடியை நிறுத்தவேண்டும், அதுவும் ஷைலா அக்கா முகத்துக்கு நேராக நிறுத்தவேண்டும். எனக்கு இரண்டும் வேண்டும்.

பித்தப்பையைச் சின்னத் துளைகள் வழியாக எடுத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமாகி வந்தால் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைப்பது எங்கள் வழக்கம். சபையார் வருவார்கள், பாட்டு, வேதவாசிப்பு, குணமானவர் சாட்சி, போதகரின் ஜெபம், பிறகு ரசவடையும் சாயாவும். அம்மா நாள் குறித்தபோது நான் ஆர்வமாக இருந்ததைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு விசுவாசம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

என் முறை வந்தது. எழுந்தேன். கர்த்தருக்கு நன்றி சொன்னேன், மனதார. அதன்பின், "ஷைலாக்கா, உங்க மெஷின ஒரு நிமிஷம் தருவியளா?" என்றேன்.

சாட்சி சொல்பவரைத் தடுக்கக் கூடாதல்லவா. கொடுத்தார்.

மைனியை ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லியிருந்தேன். பிடித்தாள். முப்பத்தாறு புள்ளி எட்டு. சத்தமாக வாசித்தேன். பிறகு வீட்டு மாடிப்படியில் சில முறை ஏறி இறங்கிவிட்டு, சூடான சாயா கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்கச் சொன்னேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பெண்கள் சிரித்தார்கள். மறுபடி பிடித்தாள். முப்பத்து நாலு புள்ளி ஒன்பது.

"மைனிக்கு ரெண்டு நிமிஷத்துல ரெண்டு சதவீதம் குறைஞ்சிருக்கு" என்றேன். "எனக்கு இதுக்கு ஒரு மாசம் பட்டினி."

பின்வரிசையில் கிரேஸ் சித்தி, "அப்ப சாயா கிளாஸே போதுமே ஏட்டி, பொடி என்னத்துக்கு?" என்றாள். சிரிப்பு பரவியது. நான் விடவில்லை. இந்தக் கருவி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்புகிறது. நீரில் அது எளிதாகப் போகும், கொழுப்பில் தடுமாறும். அந்தத் தடையை வைத்து நீரை ஊகித்து, நீரிலிருந்து தசையை ஊகித்து, மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது. இடுப்பும் தொடையும் அதன் பாதையிலேயே இல்லை. மெஷினில் மைனியின் உயரத்தை நாலு விரல் கூட்டிப் போட்டேன். கொழுப்பு இன்னும் இறங்கியது. "உயரமும் வயசும் நாம சொல்லுகத நம்பி, அது நமக்கே திருப்பிச் சொல்லுகு" என்றேன். வெற்றிதான் என்று நினைத்தேன்.

ஷைலா அக்கா பதறவே இல்லை.

"பெனி, எந்த மெஷினும் கொஞ்சம் கூடக் குறையக் காட்டும். இவ்வளவு பேரு மெலிஞ்சது கண்ணுக்குத் தெரியுதே, அதும் மெஷினுக்க வேலையா?" சுற்றிப் பார்த்தார். "ஒனக்குக் கல்லு வந்தது பொடியாலன்னு டாக்டர் உறுதியாச் சொன்னாரா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "சத்தியம் பண்ண முடியாதுன்னு சொன்னாரு. ஆனா..."

"ஸ்தோத்திரம்" என்றார் ஷைலா அக்கா.

போதகர் ஐயாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முடிவு ஜெபத்தை ஷைலா அக்காவையே செய்யச் சொன்னார். அவர் ஜெபித்தார். என் பெயரைச் சொல்லி, என் வேதனையைச் சொல்லி, என் புத்திக்காக, என் எதிர்காலத்துக்காக, இவ்வளவு கோபத்துக்குள்ளும் என்னைக் காப்பாற்றின கிருபைக்காக. பாதிப் பெண்கள் அழுதார்கள். அம்மா அழுதாள். நானே ஒரு கட்டத்தில் ஆமென் சொல்லிவிட்டேன். அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லோரும் போனபிறகு மைனி அடுக்களையில் ஷேக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு காட்டின பொறவுமா மைனி?"

"மெஷின் பொய் சொல்லட்டும் பெனி. கண்ணாடி பொய் சொல்லாதுல்லா."

நான் எண்ணைத் தோற்கடித்திருந்தேன். மைனிக்கு எண் ஒரு பொருட்டே இல்லை. சாளை மீன் குழம்பை அவள் முன்னால் சத்தம் போட்டுச் சாப்பிட்டேன். குழந்தைத்தனம்தான். ஆனால் மீன் நன்றாக இருந்தது.

திருப்பம் மறுபரிசோதனைக்குப் போன அன்று வந்தது. மைனிதான் துணைக்கு வந்தாள், பிள்ளையும் இடுப்பில். சுபா மேடம் கைப்பிடி வைத்த இரும்புக் கருவி ஒன்றை மேசையில் வைத்திருந்தார். அதை எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்று முள் காட்டும். தசை எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல அளவு என்றார். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, மூன்று தரம் அழுத்தினேன். முள் போன இடத்தைக் குறித்துக்கொண்டார். "ஆபரேஷன் ஆன ஆளுக்குப் பரவாயில்ல. மீன் வேலை செய்யுது."

"நானும் பாக்கட்டா?" என்றாள் மைனி. விளையாட்டாகத்தான். பிள்ளையை என்னிடம் தந்தாள்.

அழுத்தினாள். முள் என்னுடைய இடத்துக்கு வரவில்லை. பிடியைச் சரிசெய்து மறுபடி அழுத்தினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. வரவில்லை. இவள் கல்யாணமான புதிதில், நெல் மூட்டையை நானும் அம்மாவும் சேர்ந்து தூக்கத் தடுமாறியபோது தனியாகத் தூக்கி உள்ளே வைத்தவள். மூன்றாவது தரம் அழுத்திவிட்டு முள்ளைப் பார்க்காமல் கருவியை மேசையில் வைத்தாள்.

"ஒரு அளவ மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லக் கூடாது" என்றார் சுபா மேடம். "பிள்ளையத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலிச்சாலும் குறையும். தூக்கம் இல்லன்னாலும் குறையும். நீ என்ன சாப்பிடுக, லிஜி?"

மைனி சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சுபா மேடம் திட்டவில்லை. பால் கொடுக்கிற உடம்புக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று சொன்னார். பிள்ளை பால்குடி மறந்த பிறகு மெதுவாக இளைக்கலாம், அதற்குத் தன்னிடமே வரலாம் என்றார்.

வடசேரிக்கு மைனி பிள்ளையோடு முன்னால் நடந்தாள். ஷைலா அக்காவின் மாடிக்குக் கீழே வந்ததும் நின்றாள். மேலே பாட்டுச் சத்தம், தரை அதிரும் சத்தம். வாசலில் புதிய பேனர். வரும் சனிக்கிழமை எங்கள் சபை மண்டபத்தில் சிறப்பு முகாம், இலவச உடல் பரிசோதனை. மைனி அதைக் கடைசி வரி வரை வாசித்தாள். பிறகு எதிரே இருந்த கடைக்குள் போய் உட்கார்ந்து, புட்டும் கடலையும் சொன்னாள். தட்டு வந்தது. பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் பிசைந்தாள்.

"நேத்து பிள்ளையத் தொட்டில்ல இருந்து எடுக்கும்போ கை நழுவப் பாத்துது" என்றாள் தட்டைப் பார்த்துக்கொண்டே. "யாருட்டயும் சொல்லல்ல."

இன்னொரு புட்டு சொன்னாள். நான் எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.

"அந்த இரும்பு மெஷின் எங்க கிடைக்கும் பெனி?"

"வாங்க வேண்டாம் மைனி. நானே செய்வேன்."

இப்போது செய்துகொண்டிருக்கிறேன். கெட்டுப்போன அடுக்களைத் தராசு ஒன்றிலிருந்து எடை உணரும் பகுதியைக் கழற்றியாயிற்று. இரண்டு கைப்பிடிகளைக் கம்மியர் கடையில் வெட்டி வாங்கியாயிற்று. தெரிந்த எடையுள்ள கற்களைத் தொங்கவிட்டு அளவைச் சரிபார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சுபா மேடத்தின் கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், ஒரு பொய் எண்கூட வரக்கூடாது. கை சூடானாலும் குளிர்ந்தாலும், உயரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இது மாறாது. சனிக்கிழமை மண்டபத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போகிறோம், பிள்ளையையும் சேர்த்து. முதலில் மைனி அழுத்துவாள், எல்லோர் முன்னாலும், தன் எண்ணைத் தானே வாசிப்பாள். அடுத்து ஷைலா அக்காவிடம் நீட்டுவாள். அவரும் வருடக்கணக்காக அந்தப் பொடியில்தான் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். கூட்டத்துக்கு முன்னால் நீட்டியதை அவர் மறுத்ததில்லை. எண் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை என்னைவிடப் பலமாக இருந்துவிட்டால், அதையும் சத்தமாக வாசிக்கத்தான் வேண்டும். ஒரே அளவை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்று சுபா மேடம் சொன்ன எச்சரிக்கை நினைவிருக்கிறது. அதற்குத் தலையாட்டியும் இருக்கிறேன். இருந்தாலும் அந்த நேரம் ஷைலா அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

எண் காட்டுவதற்குக் கைபேசித் திரை அளவில் ஒரு சின்னத் திரை வைத்திருந்தேன். மைனி வந்து, பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இது காணாது ஏட்டி. செவப்புல நல்லா பெரிசா வை. கடைசி பெஞ்சுல இருக்கவங்களுக்கும் தெரியணும்."

நாளைக் காலையில் அந்தப் பெரிய சிவப்புத் திரையை வாங்கப் போகிறேன்.